உள்ளே போடோனி வேண்டாம், முரளி

அன்புள்ள முரளி,

சாரின் வாழ்க்கையைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்துக்கு நீ அமைத்த மாதிரிப் பக்கங்கள் கிடைத்தன. இத்தனை மாதம் ஒரு வரி போடாதவன் வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறானே என்று கொதிப்பாய். கொதித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சங்கரி அக்கா ஒருவழியாக வேலையை விட்டுவிட்டாள். பாலு அதே பாலுதான், குடை உட்பட.

அட்டை பிரமாதம். அவ்வளவு பெரிதாகப் போடும்போது போடோனி எழுத்துருவின் தடித்த கோடும் மயிரிழைக் கோடும் கம்பீரமாக இருக்கின்றன. அதையே உள்ளே 9 பாயின்ட்டில் முந்நூறு பக்கத்துக்கு ஓட்டியிருக்கிறாயே, யாரைக் கேட்டுச் செய்தாய்? நாற்பதாம் பக்கத்தில் ஆங்கிலச் சின்ன ‘இ’யைப் பார். நடுக்கோடு பாதி இடத்தில் அச்சிலேயே விழவில்லை, ‘சி’ மாதிரி நிற்கிறது. ‘மினிமம்’ என்ற சொல்லில் வளைவுகள் மறைந்துபோய் வேலிக்கம்பு நட்டதுபோல் செங்குத்துக் கோடுகள் மட்டும் தெரிகின்றன. இரண்டு பக்கம் படிப்பதற்குள் எனக்குக் கண் கூசிவிட்டது.

இதற்குப் பாவம் போடோனியைக் குற்றம் சொல்ல முடியாது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் அச்சைத் தனித்தனியாக வெட்டினார்கள். அளவு சிறுக்கும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக விடுவார்கள். கணினியில் பெரும்பாலும் ஒரே வரைவுதான், அதை எவ்வளவு சுருக்கினாலும் கோடும் கூடவே சுருங்கும். போடோனியை விடவே மாட்டேன் என்றால் 1994இல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்டதை வாங்கு. 6, 12, 72 பாயின்ட் என்று மூன்று அளவுக்கும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். 72ஐ அட்டைக்கு வை, 12ஐ உள்ளே போடு.

என்னைக் கேட்டால் உள்பக்கத்துக்குக் கேரமாண்ட் எழுத்துரு. ஆனால் பெயரைப் பார்த்து எடுத்துவிடாதே. அந்தப் பெயருக்குரிய எழுத்து வெட்டுநர் கேரமாண்ட் 1561இல் இறந்துபோனார். அவருடையவை என்று பிற்காலத்தில் கொண்டாடிய எழுத்துகள் பல, அவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த ழான் ஜானோன் வெட்டியவை. 1926இல் அச்செழுத்து வரலாற்றை ஆராய்ந்த பியாட்ரிஸ் வார்டு என்ற பெண் ஓர் ஆண் பெயரில் கட்டுரை எழுதித்தான் இதை வெளியே கொண்டுவந்தார். மோனோடைப் நிறுவனத்தின் கேரமாண்டுக்கு மூலம் ஜானோன்தான். ராபர்ட் ஸ்லிம்பாக் 1989இல் செய்த அடோபி கேரமாண்ட், நேர் எழுத்துக்குக் கேரமாண்டையே பின்பற்றியது, சாய்வெழுத்து அதே காலத்து வெட்டுநர் கிராஞ்ஜோனுடையது. மோனோடைப்புக்கும் அடோபிக்கும் பக்கத்தில் தெரியும் கருமையே வேறு. எனக்கு ஸ்லிம்பாக்குடையதுதான் பிடிக்கும், பக்கம் அமைதியாக இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. கேரமாண்டில் சின்ன எழுத்துகள் குட்டையானவை, 9 பாயின்ட் போட்டால் எறும்பு ஊர்வதுதான் தெரியும். 11 பாயின்ட் எழுத்து, வரிக்கு வரி 14 பாயின்ட் என்று வை. பக்கம் கூடும், பதிப்பாளர் முகம் சுளிப்பார். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சார்ட்டர் என்ற எழுத்துரு இருக்கிறது. தரம் குறைந்த பிரின்டரிலும் உடையாமல் வரவேண்டும் என்றே மேத்யூ கார்ட்டர் 1987இல் வரைந்தது. செரிஃப்கள், அதாவது கோட்டு முனைகளில் வரும் சின்னக் குறுக்குக் கால்கள், கட்டையாக, உறுதியாக இருக்கும். சின்ன எழுத்துகளும் நல்ல உயரம், அதனால் 9.5 பாயின்ட்டே தாராளம். அழகில் ஒரு படி கீழேதான், இருக்கட்டும்.

ஆண்டு எண்களையும் கவனி. சாரின் வாழ்க்கையில் பத்திக்கு நாலு வருஷம் வருகிறது. இப்போது 1947, 1962 எல்லாம் கேப்பிடல் எழுத்துபோல வரியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏறி இறங்கும் பழைய பாணி எண்கள் அடோபி கேரமாண்ட் புரோவிலேயே இருக்கின்றன. அமைப்பில் மாற்றினால் போதும்.

முரளி, நான் இவ்வளவு அடம்பிடிக்கக் காரணம் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை முதலில் கையில் எடுக்கப்போகிறவர்கள் சாருடன் வேலை பார்த்தவர்கள். எழுபதுக்குக் கீழே அதில் ஒருவர்கூட இல்லை. பத்துப் பக்கத்தில் கண் வலித்து மூடி வைத்தால் திரும்பத் திறக்க மாட்டார்கள். அவரைப் பற்றி இனி யார் இன்னொரு புத்தகம் எழுதப்போகிறார்கள்?

நாற்பதாம் பக்கத்தை மட்டும் மூன்று எழுத்துருவிலும் அமைத்து, புத்தகத்துக்கு வாங்கிய அதே காகிதத்தில் அடித்துத் தபாலில் அனுப்பு. பிடிஎஃப் வேண்டாம், திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பதிப்பாளர் மடங்கவில்லை என்றால் என்னிடம் பேசச் சொல்.

உன்,
ரகு