பரம்பரை மேல் மட்டும் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘அப்பாவுக்கு பி.பி., எனக்கும் வரத்தான் செய்யும்’ என்று கைவிரிப்பவர்கள் கவனிக்க: ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் பெரும்பாலானவை தனித்தனியே 1 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை. தொப்பைக் கொழுப்பும் சேரும்போது வினை கூடுகிறது. அது சிறுநீரகத்தை நெருக்குகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடலைப் பரபரப்பு நிலைக்குத் தள்ளும் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது; அழுத்தம் ஏறுகிறது. உப்பு தேங்கும் உடல்வாகு பிறவியிலேயே இருந்தால் இரட்டை அடி. எடை 1 கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் (பி.பி. அளவில் முதலில் சொல்லும் எண்) சராசரியாக 1 மி.மீ. இறங்கும்; மரபணு அதைத் தடுக்காது.

இன்னொன்று: பருத்த கையில் பி.பி. அளக்கும் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.