மீனை மட்டும் இப்போது வாங்காதே

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம் என்றால், 'எழுதுவது கைதானே' என்பாய். சோம்பல்தான், ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் இப்போது பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. சின்னவள் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டாள். சாயங்காலங்களில் வீட்டில் மீன்தொட்டி பில்டர் குமிழி விடும் சத்தம்தான் துணை.

பேத்திக்குக் குட்டி போடும் மீன்தான் வேண்டுமாம், வரும் ஞாயிற்றுக்கிழமை தொட்டியும் மீனும் சேர்த்தே வாங்கிவிடப் போகிறாயாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்று பேனாவை எடுத்தேன். தொட்டியை வாங்கு. மீனை வாங்காதே.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தொட்டி வைத்தபோது, 'இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும் சார்' என்று கடைக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் பத்து கப்பி மீன் விட்டேன். தண்ணீர் பளிங்குபோல இருந்தது. ஐந்தாம் நாள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. காற்றுப் போதவில்லை என்று இன்னொரு ஏர் பம்ப் வைத்தேன். பசியோ என்று தீனியையும் கூட்டிப் போட்டேன், அதுதான் பெரிய தப்பு. பத்தாம் நாள் மிஞ்சியது ஒன்று.

மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செவுளை அரித்துவிடும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கினால்தான் மீன் பிழைக்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் கிடையாது. பில்டரின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் அவை குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அதுவரை மீன் இல்லாத தொட்டித் தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிடு. பேத்தி 'மீன் எங்கே தாத்தா' என்று நச்சரிப்பாள், சமாளி. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ, கண்ணாடியும் கல்லும் தனி. உன் ஆடும் புத்தக அலமாரி மேல் வைக்க நினைத்திருந்தால் மறந்துவிடு. ஜன்னல் வெயிலும் வேண்டாம், பச்சையாகப் பாசி கட்டும். பில்டர் ஸ்பாஞ்சு வகைதான் நல்லது, மற்றவற்றில் பல குட்டியை உறிஞ்சிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் சொட்டு மருந்து ஒரு புட்டி வாங்கிக்கொள்.

ஒரு நல்ல செய்தி, குட்டி போடும் இந்த மீன்களுக்குக் கொஞ்சம் காரத்தன்மையுள்ள கடினநீர்தான் பிடிக்கும். பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடும் தண்ணீர் என்று நீ புலம்புவாயே, இவற்றில் மோலி என்ற மீனுக்கு அது சொர்க்கம். சூடு 24லிருந்து 28 டிகிரி போதும்.

குட்டி போடும் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றில் பிளாட்டிதான் உனக்குச் சரி. மோலி பெரிதாக வளரும், 56 லிட்டர் அதற்கு நெருக்கடி. கப்பி அழகுதான், ஆனால் வால் பெரிதாகப் பெரிதாக நலிந்துபோகிறது. (கப்பி என்பது ஒரு மனிதரின் பெயர், தெரியுமா? டிரினிடாடிலிருந்து இந்த மீனை லண்டனுக்கு அனுப்பிவைத்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி. அவருக்கு முன்பே, 1859லேயே பீட்டர்ஸ் என்ற ஜெர்மன்காரர் இதை விவரித்துவிட்டார். பெயர் என்னவோ இவருக்குத்தான் நிலைத்தது.) எதை வாங்கினாலும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண் விடாமல் துரத்தித் துரத்திப் பெண்ணை ஓய்த்துவிடும். அடிப்பக்கத்தில் குதத்துக்குப் பின்னால் உள்ள துடுப்பு குச்சிபோல ஒடுங்கியிருந்தால் ஆண், விசிறிபோல விரிந்திருந்தால் பெண்.

'பெண்ணை மட்டும் வாங்கினால் குட்டித் தொல்லை இல்லை' என்று கணக்குப் போடாதே. நான் போட்டேன். மூன்று பெண் பிளாட்டி வாங்கினேன், ஓர் ஆண்கூட இல்லை. மூன்றாவது வாரமே குட்டி! ஒருமுறை சேர்ந்தால் போதும், ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு, நாலு வாரத்துக்கு ஒருமுறை போலப் பெற்றுக்கொண்டே இருக்கும்.

போன வாரம் ஒரு பிரசவத்தை முழுதாகப் பார்த்தேன். இரண்டு நாளாக அதன் வயிறு பெட்டிபோலச் சதுரமாகியிருந்தது. காலையில் மூலையில் ஒதுங்கி நின்றது, தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டென்று உடலை ஒரு உதறு உதறியது. கடுகுபோல ஏதோ விழுந்தது. சுருண்டபடியே கல்வரை இறங்கி, அங்கே ஒரு நொடி கிடந்து, பிறகு நிமிர்ந்தது. இரண்டு கண், ஒரு நூல் உடம்பு. அடுத்த நொடி பாசிக்குள் பாய்ந்துவிட்டது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். நாலாவதோ ஐந்தாவதோ பாசியை எட்டுவதற்குள் தாயே திரும்பி விழுங்கிவிட்டது, ஏதோ தீனிதான் என்பதுபோல.

அதனால் பேத்தியிடம் முன்பே சொல்லி வை. தொட்டியில் ஜாவா மாஸ் என்ற பாசியும் மிதக்கும் செடிகளும் அடர்த்தியாக இருந்தால் பாதியாவது தப்பும். எல்லாவற்றையும் காப்பாற்றவும் நினைக்காதே, ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாது. மிஞ்சியதைத் தெரிந்தவர்களுக்குக் கொடு. குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதே, அங்கேயே பெருகி, அங்கிருக்கும் சின்ன மீன்களை ஒதுக்கிவிடும்.

அப்புறம் ஒன்று. அடுத்த மாதம் நான் அங்கே வரத்தான் போகிறேன். என் பழைய பில்டரில் ஒரு ஸ்பாஞ்சு கழற்ற வசதியாக இருக்கிறது, அதில் பாக்டீரியா நிறையக் குடியிருக்கிறது. காய்ந்தால் செத்துவிடும் என்பதால் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக் கொண்டுவருகிறேன். அதை உன் பில்டரில் மாட்டினால் காத்திருக்கும் நாள் பாதியாகக் குறையலாம். ஆனால் நீ அதைக் குழாயடியில் 'சுத்தமாக' அலசிவிடக் கூடாது. உன்னைப் பற்றித் தெரியும், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

தொட்டியை எங்கே வைக்கிறாய் என்று எழுது.

உன்,
ரகு