குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் தம் தண்ணீர்க் கட்டணச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போய் உட்கார்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். தரைக்கடியில் போகும் குழாயில் வெடிப்பு. கட்டணக் காலம் முழுவதும் தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்கிறது, சீட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு ஓடியது என்பதை மீட்டர் சரியாகவே சொல்லியிருந்தது. எப்போது ஓடியது என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. அந்த 'எப்போது' நமக்கு வேண்டும், மீட்டர்களில் சென்சார் வைத்துப் பார்க்கலாம் என்று அன்று தீர்மானம் போட்டோம். அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மற்ற வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரு கூட்டம் மட்டும் போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. தெருவிளக்குப் புகார்கள் தீர்ந்தன. நூலக அலமாரிக்குக் கதவு இன்னும் போடவில்லை. இந்த வரியை நான் படிப்பது இது மூன்றாவது ஆண்டு. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இனி மீட்டர். முதல் மாதம் முழுவதும் மீட்டர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதிலேயே போயிற்று. சிலந்திக்கூடு, சேறு, ஆவி படிந்து மங்கிய கண்ணாடி. சிலருக்குத் தங்கள் மீட்டர் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நானும் என்னுடையதைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். பார்த்தவை மூன்று வகை. ஒரு வகையில் முகப்பில் சுற்றும் சிறு முள்ளிலேயே காந்தத் துணுக்கு இருக்கிறது. மேலே சென்சாரை வைத்தால் போதும். இரண்டாம் வகையில் முள்ளில் காந்தம் இல்லை. ஆனால் தண்ணீரில் சுழலும் சக்கரத்தையும் மேலே உலர்ந்த பகுதியில் உள்ள எண்பொறியையும் சேர்த்து ஓட்டுவது ஒரு காந்த இணைப்புதான். நுண்ணிய காந்தமானி அந்தச் சுழற்சியை வெளியிலிருந்தே உணர்ந்துவிடும். மூன்றாவது வகையில் வெளியிலிருந்து உணரும்படியான காந்தம் எதுவுமில்லை.

மீட்டர் நம்முடையது அன்று. நீர் வழங்குவோரின் சொத்து, முத்திரையும் அவர்களுடையது. எழுத்து மூலம் அனுமதி கேட்டோம். பதில் வர ஆன காலத்தில் கருவியை இரண்டு முறை செய்திருக்கலாம். ஆனால் வந்த பதில் நியாயமானது: முத்திரையைத் தொடக் கூடாது, துளையிடக் கூடாது, எண்களை மறைக்கக் கூடாது, காந்தத்தை அருகே கொண்டுவரக் கூடாது. கடைசி நிபந்தனை சிலரைக் குழப்பியது. வலுவான காந்தத்தை ஒட்டினால் அந்தக் காந்த இணைப்பு தடுமாறி மீட்டர் குறைவாக ஓடக்கூடும், அதனால்தான் இந்தத் தடை. நாம் வைப்பது காந்தம் அன்று. காந்தம் கடந்து போவதைக் கவனிக்கும் பொருள்.

அந்தப் பொருள் ஒன்றும் புதியது இல்லை. ரீட் சுவிட்ச் 1936இல் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பிறந்தது: சிறு கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், காந்தம் அருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும், போனால் விலகும். காந்தம் நெருங்குவதை, அசையும் பாகமே இல்லாமல் மின்சாரத்தால் உணரும் ஹால் சென்சார் இன்னும் பழைய அறிவு; அதன் அடிப்படையை எட்வின் ஹால் கண்டறிந்தது 1879இல். முள் ஒரு சுற்று சுற்றினால் ஒரு துடிப்பு, நாம் எடுத்துக்கொண்ட மீட்டர்களில் ஒரு துடிப்புக்கு ஒரு லிட்டர். துடிப்பு வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டே போனால் 'எப்போது' கிடைத்துவிடும். மூன்றாவது வகை மீட்டருக்குச் சிறு கேமரா வைத்து எண்களைப் படம் பிடித்து வாசிக்கச் செய்தோம். 9க்கும் 0க்கும் நடுவே சக்கரம் நிற்கும்போது கேமரா என்ன படிக்கும் என்பது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. முந்தைய எண்ணைவிடக் குறைவாகப் படித்தால் ஏற்காதே என்று விதி வைத்த பிறகு பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

முதலில் 3 வீடுகளில் பொருத்தினோம். இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகும் துடிப்புகள் வந்துகொண்டே இருந்தன. கசிவு என்று நானே முடிவு கட்டினேன். விடிந்ததும் குழாய்த் தடத்தைத் தோண்டினோம். மண் காய்ந்து கிடந்தது. பிறகுதான் மீட்டரின் எண்ணையும் நம் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. மீட்டர் நகரவே இல்லை, நம் கருவி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அந்த வீட்டார் கடைசியாகக் குழாயை மூடியபோது, முள்ளின் காந்தம் சுவிட்ச் மூடித் திறக்கும் விளிம்பிலேயே போய் நின்றுவிட்டது. பிரதான குழாயில் அழுத்தம் ஏறி இறங்க, முள் மயிரிழை முன்னும் பின்னும் அசைந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு லிட்டர். சுவிட்ச் மூடும் கணத்தில் தகடுகள் துள்ளுவதால் வரும் பொய்த் துடிப்பு வேறு. அது ஓரிரு மில்லி வினாடிக்குள் அடங்கிவிடும், மென்பொருளில் சிறிது காத்திருந்தால் சரியாகிவிடும். அழுத்தத்தால் வரும் நடுக்கத்துக்கு அந்த மருந்து கேட்காது. இரண்டு சென்சார்களைச் சற்றுத் தள்ளி வைத்து, எது முதலில் உணர்ந்தது என்று பார்த்தால்தான் முள் முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று தெரியும்; பின்னே வந்ததைக் கழித்துவிடலாம். இப்போது துடிப்பை எண்ணும் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். தோண்டியதில் வேரோடு வந்த ரோஜாச் செடிக்காக அந்த வீட்டாரிடம் மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் 11 வீடுகள் வரை வந்துவிட்டோம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரமாவது துடிப்பே வராமல் இருக்க வேண்டும், வராமல் இருக்கும் மணி நேரமே இல்லையென்றால் எங்கோ ஓடுகிறது. நாம் நம்பியிருப்பது இந்த ஒரே சோதனையை. இதில் 2 வீடுகளின் கழிப்பறைத் தொட்டிகள் சிக்கின. அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் கோப்பைக்குள் வழிந்துகொண்டிருந்தது. தொட்டியில் சிறிது சாயத்தைக் கரைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிடாமல் காத்திருந்தோம். கோப்பையில் நிறம் தெரிந்தது. மணிக்கு 20 லிட்டர் என்பது காதுக்குக் கேட்காத கசிவு, ஆனால் நாளுக்கு 480 லிட்டர்.

இதே சோதனையில் சிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினர் வீட்டில் சமையலறைக் குழாய் கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்தது. திரையிலோ இரவு முழுவதும் பூஜ்யம். கருவி பழுது என்று எனக்குக் கடிதமே எழுதினார். பழுது இல்லை. நொடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 0.9 லிட்டர்தான். மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம், மணிக்கு இத்தனை கன மீட்டர் என்பது கியூ3; அதில் எத்தனையில் ஒரு பங்கு வரை மெலிந்த ஓட்டத்தைச் சரியாக அளக்கும் என்பது ஆர். வீட்டு மீட்டரின் முகப்பில் கியூ3 2.5, ஆர் 80 என்று அச்சிட்டிருந்தால், மணிக்கு 2,500 லிட்டரை 80ஆல் வகுத்து வரும் 31.25 லிட்டர்தான் அது பொறுப்பேற்கும் மிகக் குறைந்த ஓட்டம். ஆர் 160 என்றால் சுமார் 15.6 லிட்டர். அதற்குக் கீழே மீட்டர் சுற்றினாலும் சுற்றலாம், உறுதி கிடையாது. மீட்டருக்கே தெரியாத தண்ணீரை அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சென்சார் எப்படிச் சொல்லும்? சொட்டும் குழாய்க்கு வாஷர்தான் மாற்ற வேண்டும். உறுப்பினர் மாற்றிவிட்டார். கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை.

மேல்நிலைத் தொட்டி உள்ள வீடுகளில் சிக்கல் வேறு. அங்கே மீட்டர் பார்ப்பது தொட்டி நிரம்புவதை, குழாய் திறப்பதை அன்று. மிதவை வால்வு மெல்ல மூடிக்கொண்டு வரும்போது கடைசி ஓட்டம் மிக மெலிந்துவிடும். மீட்டர் அதில் கொஞ்சத்தைத் தவறவிடும். பகலில் செலவழித்தது இரவில் நிரம்பினால் கசிவு போலவே தோன்றும். அந்த 4 வீடுகளில் இரவு, தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டுச் சோதிக்கச் சொல்லியிருக்கிறோம். இதில் தெரிவது மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள கசிவு மட்டும். தொட்டிக்குக் கீழே கசிந்தால், தொட்டியின் நீர்மட்டத்தில் கோடு போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பதே இன்றைக்கு நம்மிடம் உள்ள வழி.

இரும்பு மூடிக்கடியில் வைஃபை எட்டாது என்பதை வேறு சங்கங்கள் நம் செலவில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் கருவியை எழுப்பிச் செய்தி அனுப்பினால் பேட்டரியும் தாங்காது. எண்ணுவதை மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்து, மணிக்கொரு முறை மட்டும் அனுப்புகிறோம்.

ஆண்டின் மிக நீண்ட விவாதம் கருவியைப் பற்றியது அன்று. எல்லா வீடுகளின் பயன்பாட்டையும் அறிவிப்புப் பலகையில் போட்டால் சிக்கனம் வரும் என்று செயற்குழுவில் யோசனை வந்தது. ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். மணிவாரியான கணக்கை ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகு மனம் மாறினேன். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் அப்படியே இருக்கிறது. "இரவில் நான் எத்தனை முறை எழுந்தேன் என்பது சங்கத்துக்கு எதற்கு?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டதற்கு எங்கள் எவரிடமும் பதில் இல்லை. கருவிகளை இலவசமாகத் தருகிறோம், கணக்கு எங்கள் கணினிக்கு வரட்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டதையும் அதே காரணத்தால் மறுத்தோம். இப்போது விவரம் அந்தந்த வீட்டிலேயே தங்குகிறது. உறுப்பினர் விரும்பினால் சங்கத்துக்கு ஒரே ஒரு செய்தி வரும்: இரவில் ஓட்டம் நின்றதா, இல்லையா.

எத்தனை சதவீதம் தண்ணீர் மிச்சமானது என்று கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். 11 வீடுகள், ஒரு வெயில் காலம், நடுவே சிலர் ஊரில் இல்லை. இதை வைத்துச் சதவீதம் சொன்னால் அது என் ஆசையின் அளவாகத்தான் இருக்கும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். விவரம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதைச் சங்க விதியிலேயே சேர்ப்பது ஒன்று. உறுப்பினர் வீட்டு மண்ணைத் தோண்டும் முன் மீட்டரின் எண்ணை இருவர் நேரில் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை முன்மொழிபவன் நானே. வழிமொழிய ரோஜாச் செடி வீட்டார் இசைந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்