பிள்ளைகளின் கருத்து பெறப்படவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதிப் பிரதேச சபை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்காக நடத்திய மக்கள் கூட்டம் பற்றித் தங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. ‘சிறுவர்களிடமிருந்தும் கருத்துகள் பெறப்பட்டன’ என்று அதில் ஒரு வரி. நான் அந்தக் கூட்டத்தில் கடைசி வரை இருந்தேன். என் மகளும் இருந்தாள். எந்தப் பிள்ளையிடமும் எந்தக் கருத்தும் பெறப்படவில்லை. தங்கள் நிருபர் படம் எடுத்துக்கொண்டு பாதியில் போய்விட்டார், மிச்சத்தை யாரோ சொல்லி எழுதியிருப்பார். அவரோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வரி உண்மை இல்லை.

எங்கள் ஊர்ச் சிறுவர் கழகப் பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு ஊரெல்லாம் திரிந்து, கொப்பித் தாளில் ஒரு கடிதம் தயாரித்திருந்தார்கள். ரியூஷன் விட்டு வரும் வழியில் எந்தெந்த விளக்கு எரியவில்லை என்று ஒவ்வொரு மின்கம்பமாகப் பார்த்து, கம்பத்தில் அடித்திருக்கும் இலக்கத்தோடு குறித்திருந்தார்கள். குளக்கட்டு வளைவில் பொழுதுபட்டால் யானை ஏறுகிறது, முதலில் அங்கே விளக்கைப் போடுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் யானை என்றால் என்ன என்று தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கூட்டத்தில் பெரியவர்கள் எழும்பி, வீதி விளக்கு வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இருந்தார்கள். எந்தக் கம்பத்தில் என்று தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் பிள்ளைகள் மட்டும்தான்.

அவர்களை வரவேற்பு நடனம் ஆடவைத்தார்கள். தலைமேசைக்கு மாலை போடவைத்தார்கள். பிறகு பின்வரிசையில் இருத்திவிட்டார்கள். கூட்டம் முடியப்போகும் நேரம் என் மகள் கடதாசியோடு எழும்பினாள். “புள்ள, நேரம் போயிட்டு. அதை அங்கால குடுத்துட்டு இருங்க” என்றார் ஒருவர். வாங்கியவர் அதை நான்காக மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தார். பணிஸும் குளிர்பானமும் கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தாங்கள் போட்ட படம் அதுதான். வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்: “வாசிக்க விடாட்டி எங்களை ஏன் அம்மா வரச் சொன்னவங்க?”

எனக்கு இது புதிது இல்லை, ஐயா. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எனக்கு வயது பதினைந்து. கரையோரத்தில் இருந்த எங்கள் வீடு போய், முகாமில் இருந்தோம். முகாமின் கடைசி மூலையில், வெளிச்சமே இல்லாத இடத்தில் பெண்களுக்கான மலசலகூடத்தைக் கட்டினார்கள். கட்டுவதற்கு முன் கூட்டம் வைத்தார்கள்தான். கூப்பிட்டது அப்பாமாரை. பொழுது சாய்ந்தால் நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம், இரவில் அங்கே போகப் பயந்து. என் வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். கடலை விட்டுத் தூரமாக வீட்டுத்திட்டம் என்று முடிவானபோதும் அப்படித்தான். எந்தப் பாடசாலைக்குப் போகப்போகிறோம், எப்படிப் போவது என்று நாங்கள் கேட்டதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

அதற்கு முந்திய யுத்த காலத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மண்ணில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில் துவக்கு கொடுத்தார்கள். சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குக் கேட்காத ஊர், விளக்குக் கம்பத்தைப் பற்றிப் பேச வந்த பிள்ளையிடம் கேட்கிறது.

பக்கத்து ஊரில் சிறுவர் பூங்கா கட்டினார்கள். அதன் சறுக்கு வெறும் தகரம், மேற்குப் பார்த்து நிற்கிறது. எங்கள் பக்கத்து வெயிலில் பின்னேரம் மூன்று மணிக்கு அதில் எந்தப் பிள்ளை இருக்கும்? அப்புறம் வெயில் தணிந்து விளையாடப் போனால் வாயிலில் பூட்டு. திறப்பு அலுவலகத்தில், அலுவலகம் நாலேகாலுக்கு மூடிவிடும்.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அதற்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. ஒவ்வொரு ஒக்டோபர் முதலாம் திகதியும் சிறுவர் தினத்துக்குத் தாங்களும் கட்டுரை போடுகிறீர்கள். கிராமத்தில் சிறுவர் கழகம், அதற்கு மேலே பிரதேசத்துக்கும் மாவட்டத்துக்கும் சிறுவர் சபை என்று எல்லாம் இருக்கின்றன. தலைவர், செயலாளர் தெரிவும் ஒழுங்காக நடக்கிறது. தெரிவான பிள்ளைகளை முடிவெடுக்கும் இடத்தில் யார் பேசவிடுகிறார்கள்?

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவில் 40 வீதம் இளைஞர் என்று முன்பு ஒரு சட்டம் இருந்து, பிறகு இல்லாமல் போனது தங்களுக்குத் தெரியும். 2023இல் அது 25 வீதமாகத் திரும்பி வந்தது. 2025 மே தேர்தலுக்கு ஒரு கட்சிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தம்பியின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப்போனார். முப்பத்தைந்துக்குக் கீழே ஆள் தேவைப்பட்டது. தேர்தல் முடிந்த பிறகு அவனை ஒரு கூட்டத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை.

பிள்ளைகள் இதற்குள் வந்தால் படிப்புக் கெடும் என்று பெற்றோரிலேயே சிலர் சொல்கிறார்கள். மாலை போடுவதற்கு ஒரு பகல் பாடம் போனபோது அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முதலில், அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். பிள்ளைகள் எழுதியதன் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். இடம் இருந்தால் அதையும் கம்ப இலக்கங்களோடு போடுங்கள். வரவு செலவுத் திட்டம் டிசம்பர் முடியுமுன் சபையில் நிறைவேறவேண்டும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, தூரத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போகாத நேரத்தில், இன்னொரு கூட்டம் வைக்கும்படி தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் வாசிக்கட்டும். நடனமும் மாலையும் வேண்டாம். எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, முடியாவிட்டால் ஏன் என்று அந்த இடத்திலேயே சபைத் தவிசாளர் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
படுவான்கரை, மட்டக்களப்பு.