ஜே-1 விசா: எல்லாரும் திரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் ஆய்வு செய்துவரும் வாசகர் ஒருவர், தம் ஆய்வுக்காலம் முடிந்ததும் அங்கிருந்தபடியே எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாற முடியுமா என்று தங்கள் கல்விப் பக்கத்தில் கேட்டிருந்தார். ‘ஜே-1இல் சென்றவர்கள் இரண்டாண்டுகள் தாயகம் திரும்பியே ஆக வேண்டும்’ என்று அவருக்கு ஒரே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. அதே விசாவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்து, பிறகு எச்-1பிக்கு மாறியவன் நான். அந்த ஒரு வரி சிலரைத் தேவையில்லாமல் விமானம் ஏற்றிவிடும் என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

இரண்டாண்டு நிபந்தனை அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவிலிருந்து வருவது. அது மூன்று வகையினரையே கட்டுப்படுத்தும்: அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ பரிமாற்றத் திட்டத்துக்கென அளித்த நிதியில் சென்றவர்கள்; பட்டமேற்படிப்பு மருத்துவப் பயிற்சிக்குச் சென்ற டாக்டர்கள்; தாயகத்துக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் ‘திறன் பட்டியலில்’ தம் நாடும் துறையும் இடம்பெற்றவர்கள். நம் ஆய்வாளர்களில் பலர் சிக்கியது இந்த மூன்றாவது வகையில்தான், ஏனெனில் 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியா இருந்தது. 2024 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை என்பதோடு, அதற்கு முன்பே ஜே-1 பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே, பழைய பட்டியலின் காரணமாக மட்டுமே கட்டுப்பட்டிருந்த ஒருவர் இன்று விலக்குக் கோரி விண்ணப்பிக்கவே தேவையில்லை. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்றவருக்கும், ரெசிடென்சி பயிற்சிக்குச் சென்ற டாக்டருக்கும் இந்த விடுதலை கிடையாது.

தங்கள் பதிலில் இன்னொரு குழப்பமும் கலந்திருக்கலாம் என்று ஐயுறுகிறேன். ஆய்வாளர், பேராசிரியர் பிரிவுகளில் ஜே-1 முடித்தவர் 24 மாதங்களுக்கு அதே பிரிவுகளில் மீண்டும் வர முடியாது என்று தனியே ஒரு விதி இருக்கிறது. அதுவும் இரண்டாண்டுதான் என்றாலும், எச்-1பிக்கு மாறுவதை அது தடுப்பதில்லை.

யார் எந்த வகை என்பதை விசாவைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்றால், முழுவதும் முடியாது. என் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் அடியில் ‘இரண்டாண்டு விதி பொருந்தும்’ என்று அச்சிட்டிருந்தது. ஜே-1 திட்டத்துக்கான சான்றாகிய டிஎஸ்-2019 படிவத்தின் கீழ்மூலையில் தூதரக அதிகாரி குறியிட வேண்டிய கட்டமோ வெறுமையாகவே இருந்தது. அந்தக் குறிப்பு அதிகாரியின் முதற்கட்டக் கணிப்பு மட்டுமே. சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையின் விலக்குப் பிரிவுக்கு எழுதிக் கருத்துப் பெற வழி இருக்கிறது. ஜே-1 கிடைத்த முதல் ஆண்டிலேயே இதைச் செய்திருக்க வேண்டியவன், நான்காம் ஆண்டில்தான் விழித்துக்கொண்டேன்.

அப்போது பழைய பட்டியல் அமலில் இருந்ததால் நான் விலக்குக் கோர வேண்டியதாயிற்று. இந்திய அரசின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்துக்கு முன்படியாக, இந்தியா திரும்பும் கடமை இல்லை என்று உறுதிசெய்யும், ‘நோரி’ எனப்படும் சான்றுகளை ஊரிலிருந்து திரட்ட வேண்டும். ஓர் அலுவலகத்தில் கோப்பு மேசையில் இருப்பதாகவே நான்கு மாதங்கள் பதில் கேட்டுத் திரும்பினார் என் தந்தை. ஒருவழியாக எல்லாம் கூடிவந்து வெளியுறவுத் துறையின் பரிந்துரை கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. விலக்குக்குப் பரிந்துரை வந்துவிட்டால் ஜே-1ஐ அதன்பின் நீட்டிக்க முடியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் டிஎஸ்-2019 படிவத்தின் முடிவுத் தேதிக்கு ஏழு வாரங்களே இருந்தன. எச்-1பி மனுவைத் தாக்கல் செய்ய வேண்டிய பல்கலைக்கழகம் அதைத் தொடங்கவே இல்லை. முடிவுத் தேதிக்குப் பின் கிடைக்கும் 30 நாள்கள் புறப்படுவதற்கானவை, அந்த நாள்களில் வேலை பார்க்கக் கூடாது. விலக்கு தடையை மட்டுமே நீக்கும். அதுவே ஒருவருக்குப் புதிய விசா நிலையைத் தந்துவிடாது. இந்த வேறுபாட்டை அந்த ஏழு வாரங்களில்தான் கற்றேன்.

நிபந்தனைக்கு உண்மையிலேயே கட்டுப்பட்டவர்களுக்கும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. எச்-1பி, நிறுவனத்துக்குள் இடமாறுவோருக்கான எல்-1 ஆகிய விசாக்களும் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டும் அவர்களுக்குக் கிடைக்காது. நாட்டுக்குள் இருந்தபடி மாணவர் நிலைக்கும் மாற முடியாது. ஆனால் வெளியே வந்து தூதரகத்தில் மாணவருக்கான எஃப்-1 அல்லது தனிச்சிறந்த திறமையாளருக்கான ஓ-1 விசா கேட்க அந்த விதி தடையில்லை. டாக்டர்களுக்கு, செனட்டர் கென்ட் கான்ராட் பெயரால் வழங்கும் 1994ஆம் ஆண்டுத் திட்டம் இருக்கிறது. மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்வோருக்கு ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேர் வரை விலக்குக்குப் பரிந்துரைக்கலாம். திரும்பி வந்து இரண்டாண்டுகளைக் கழிக்க நினைப்பவர்கள், இந்தியாவில் தங்கிய நாள்களே கணக்கில் சேரும் என்பதையும், சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்த காலம் சேராது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

ஒரு வரிப் பதில் ஏன் ஆபத்தானது என்றால், 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்காகத் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நிலை மாற்றம் பெறுவோருக்கு அது இல்லை என்று அடுத்த மாதமே குடியேற்றத் துறை விளக்கம் தந்தது. கட்டாயம் என்று நம்பி ஊர் திரும்பிவிடும் ஆய்வாளருக்காக எந்தப் பல்கலைக்கழகம் அந்தத் தொகையைக் கட்டும்?

அந்த வாசகரின் கேள்வியில் அவருடைய துறையும் இல்லை, உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்பதும் இல்லை. அவ்விரண்டையும் அவரிடம் கேட்டறிந்து, திருத்திய பதிலை அதே பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அவருடைய டிஎஸ்-2019 காலாவதியாகும் முன்பே அது வெளிவந்தால் பயன்படும்.

இப்படிக்கு,
முன்னாள் ஜே-1 ஆய்வாளர் ஒருவர்