நீல இலைகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பேத்தியின் விரிப்பில் என்ன பூ தைக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு விடை லண்டனில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எனக்குக் கிடைத்தது.

நம் சோழமண்டலக் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் கையால் ஓவியம் எழுதிய படுக்கை விரிப்பு ஒன்றை அங்கே பார்த்தேன், பலம்போர் என்பார்கள். அடியில் பாறைக்குன்று, அதிலிருந்து வளைந்தெழும் ஒரே மரம், ஆனால் ஒரு கிளையில் பூத்த பூ மறு கிளையில் இல்லை. உயிர்மரம் என்று அதற்குப் பெயர் சொல்லி, சமயப் பொருளை மட்டுமே காண்பது எனக்கு உடன்பாடில்லை. வாங்குவோரின் விருப்பமும் அந்தக் கிளைகளில் பூத்திருக்கிறது. சிவப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் தரையில் பூவும் கிளையும் எழுதி அனுப்புங்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1643-இலேயே சூரத்திலிருந்த தன் முகவர்களுக்கு எழுதியிருக்கிறது; பூக்களை மட்டும் எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பாரசீகத் தோட்டமும் சீனத்துப் பாறையும் நம் கைத்திறனும் அந்த ஒரு மரத்தில் ஒட்டுப்போட்டு வளர்ந்ததைத்தான் அதன் பொருளாக நான் கொள்கிறேன். இந்தத் துணிமீது கொண்ட மோகத்தைத் தாங்காமல் பிரான்சு 1686-இலும் இங்கிலாந்து 1721-இலும் தடையே போட்டன.

இலைகள் நீலமாக இருந்தன. ஓவியரின் கற்பனை என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியருகே குனிந்து பார்த்தபோது, ஓர் இலையின் நரம்போரத்தில் மங்கிய மஞ்சள் ஒட்டியிருந்தது. நீலம் வேண்டாத இடங்களில் மெழுகு பூசி, அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத்தின்மேல் மஞ்சள் சாயத்தைத் தீட்டித்தான் பச்சை வரவழைத்திருக்கிறார்கள். மஞ்சள் காலத்தில் கரைந்துபோக, நீலம் நின்றுவிட்டது. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், படிகாரம் பிடித்து வைத்த சாயவேர்ச் சிவப்போ இன்றும் நேற்று எழுதியதுபோல இருக்கிறது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஆகவே ஒரு பூவைத் தேர்ந்தெடுக்காதே, மரத்தைத் தை. உன் முற்றத்துக் கனகாம்பரம், செம்பருத்தி, நித்தியமல்லி மூன்றும் ஒரே மரத்தில் பூக்கட்டும். இலைகளில் சிலவற்றுக்கு நீல நூலையே போடு. அடிப்பாறை முடிந்ததும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி