கயலின் கேடயத்துக்கு

அன்புள்ள கயல்,

நீ வரைந்து அனுப்பிய குலச்சின்னத்தைப் பார்த்தேன். மேப்பிள் இலை, கோபுரம், வீணை, லேப்டாப், பாய்கிற புலி. பிடித்த எதையும் விட உனக்கு மனசு வரவில்லை, புரிகிறது. ஆனால் முக்கால்வாசியை எடுத்துவிடு.

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் பரவியபோது, போர்க்களத்திலும் வீர விளையாட்டுகளிலும் தூரத்திலிருந்தே கேடயத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதனால் நல்ல பழைய சின்னங்கள் எல்லாமே வெறிச்சென்றுதான் இருக்கும். 1385இல் இங்கிலாந்தில் ஸ்குரோப், குரோவ்னர் என்று இரண்டு பேர் ஒரே சின்னத்துக்காக வழக்குக்குப் போய், அது வருடக்கணக்கில் நடந்து, கவிஞர் சாசர்கூட வந்து சாட்சி சொன்னார். அவர்கள் சண்டை போட்டது எதற்குத் தெரியுமா? நீலக் கேடயத்தின் குறுக்கே சாய்வாக ஒரு தங்கப் பட்டை. அவ்வளவுதான்!

அப்புறம் நிறம். தங்கமும் வெள்ளியும் உலோகம், வரையும்போது மஞ்சளும் வெள்ளையுமாக வரும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஐந்தும் நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது, எடுப்பாகத் தெரியாது. நீ வெள்ளையில் மஞ்சள் புலி போட்டிருக்கிறாய். ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளி மேல் தங்கச் சிலுவை உண்டே என்பாய், அது பேர்போன விதிவிலக்கு, நமக்கு வேண்டாம். புலியின் முகமும் மாறியிருக்கிறது. கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது பக்கம்தான் வலது, அதாவது பார்க்கிற நமக்கு இடது, விலங்குகள் வழக்கமாக அந்தப் பக்கம்தான் பார்க்கும்.

ஆனால் புலியே எதற்கு? அது சோழருடையது. நீ மதுரையில் பிறந்தவள், பாண்டியருக்கு மீன், உன் பெயரும் கயல். பெயரையே சின்னமாக வைப்பது அங்கேயும் பழைய மரபுதான், ஸ்பெயினின் பழைய அரசுகளில் காஸ்டிலுக்குக் கோட்டை, லியோனுக்குச் சிங்கம் என்று, அவர்கள் மொழியில் அந்தப் பெயர்கள் அப்படித்தான் ஒலிக்கும். நீலக் கேடயத்தில் தலை மேலாக நிமிர்ந்து நிற்கிற இரண்டு வெள்ளி மீன்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இந்த ஒரு வரி பதிவாகிவிட்டால் போதும், எந்த ஓவியர் எந்தப் பாணியில் வரைந்தாலும் அது உன் சின்னம்தான். அதனால் முதலில் வாக்கியத்தை எழுது, படம் பிறகு.

குடும்பப் பெயரைக் கேட்டு ரெடிமேடாகச் சின்னம் விற்கிறார்களே, அதற்குப் பணம் கொடுக்காதே. சின்னம் பெயருக்குக் கிடைப்பதில்லை, ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். நீ இப்போது கனடா குடிமகள், 1988இல் அங்கேயே இதற்கென்று ஆணையம் வந்துவிட்டது, அதற்கு முன் லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ எழுத வேண்டியிருந்தது. ஏற்கெனவே இதே சின்னம் யாருக்காவது இருந்தால் அவர்களே ஏதாவது மாற்றம் சொல்வார்கள், மீனை மட்டும் விட்டுக்கொடுக்காதே. குறிக்கோள் வாசகத்தைத் தமிழிலேயே வை.

இன்னொன்று, இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கிலாந்தில் பிள்ளைகளை வேறுபடுத்திக் காட்டும் குறிகள் வரிசையாக மகன்களுக்குத்தான் இருந்தன, கனடாவில் மகள்களுக்கும் தனி வரிசை வைத்திருக்கிறார்கள். மூத்த மகளுக்கு இதயம், மூன்றாமவளுக்குப் பனித்துகள். அப்படியென்றால் நம் குட்டிக்கு உன் மீன்களோடு ஒரு இதயம். அதை மீன்களுக்கு நடுவில் வைப்பார்களா, மேலே வைப்பார்களா என்று அங்கே கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா